விசாரிப்பவரின் மேலதிகாரியே சந்தேகத்துக்கு உள்ளானால்: அமெரிக்க அதிபரும் விசாரணையைத் தடுக்கும் குற்றமும்

அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றங்களை விசாரிப்பது எஃப்பிஐ, வழக்கு நடத்துவது நீதி அமைச்சகம். எஃப்பிஐ இயக்குநர், அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்குக் கட்டுப்பட்டவர். அந்த இருவரையும் நியமிப்பவரும் நினைத்தால் வீட்டுக்கு அனுப்பக்கூடியவரும் அதிபர். அதிபர் மீதே சந்தேகம் விழுந்தால், விசாரணை அதிகாரி தன் மேலதிகாரியின் மேலதிகாரியை விசாரித்தாக வேண்டும். அரசமைப்பு எழுதப்பட்ட நாளிலிருந்தே இருக்கும் இந்தச் சிக்கல், 1972க்குப் பிறகு திரும்பத் திரும்ப வெடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் விவாதம் கட்சிச் சண்டையாக மாறி, அடியில் ஓடும் நடைமுறை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அந்த நடைமுறையைப் படிப்படியாகப் பார்த்தால் ஒன்று புலப்படும்: அதிபர் விசாரணையைத் தடுத்தாரா என்பதை நிரூபிப்பதைவிட, அதைக் காலம் கடக்கும் முன் நிரூபிப்பதுதான் கடினம்.

முதலில் சட்டம். நீதிக்கு இடையூறு விளைவிப்பது என்பது ஒற்றைப் பிரிவில் அடங்கும் குற்றம் அல்ல. கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 73ஆம் அத்தியாயம் முழுவதும் இதற்குத்தான். 1503ஆம் பிரிவு நீதிமன்ற நடவடிக்கைகளைக் காக்கிறது. 1505 அரசுத் துறைகளும் நாடாளுமன்றக் குழுக்களும் நடத்தும் விசாரணைகளுக்கு. சாட்சிகளைக் கலைப்பதும் ஆதாரங்களை மறைப்பதும் 1512இல் வரும்; ஆவணங்களை அழிப்பதும் திருத்துவதும் 1519இல். பிரிவு எதுவானாலும் அரசுத் தரப்பு பொதுவாக மூன்றைக் காட்ட வேண்டும். தடுக்கக்கூடிய ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். அந்தச் செயலுக்கும் ஒரு விசாரணைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். செய்தவர் தீய நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும். முயற்சி பலிக்காவிட்டாலும் குற்றம் குற்றமே. மூல விசாரணையில் எந்தக் குற்றமும் வெளிப்படவில்லை என்றாலும், அதைத் தடுக்க முயன்றது தனிக் குற்றமாக நிற்கும். பொதுவிவாதத்தில் அதிகம் குழப்பப்படுவது இந்தக் கடைசி விஷயம்தான்.

சாதாரண மனிதர் ஒருவர் சாட்சிக்குப் பணம் கொடுத்தாலோ கோப்பைக் கொளுத்தினாலோ செயலே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதிபரின் விஷயம் வேறு. அதிகாரியை நீக்குவது, விசாரணைக்கு வழிகாட்டுவது, மன்னிப்பு வழங்குவது எல்லாம் அரசமைப்பு அவருக்குக் கொடுத்த அதிகாரங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே சட்டப்படியான செயல்கள். ஆகவே வழக்கின் முழு பாரமும் மூன்றாவது அம்சமான நோக்கத்தின் மீது வந்து விழுகிறது. அந்த நோக்கத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் யார்? அவருடைய அறைக்குள் இருந்தவர்கள் மட்டும்தான்.

ரிச்சர்ட் நிக்சன் விஷயத்தில் அறைக்குள் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த 5 பேர் பிடிபட்டார்கள். அவர்களிடம் இருந்த பணம் எந்த வங்கி வழியாக வந்தது என்று எஃப்பிஐ துருவத் தொடங்கியது. ஜூன் 23 காலை, தலைமை உதவியாளர் ஹால்டெமன் நிக்சனிடம் ஒரு யோசனை சொல்கிறார்: சிஐஏ துணை இயக்குநர் வெர்னன் வால்டர்ஸ், எஃப்பிஐயின் தற்காலிக இயக்குநர் பேட்ரிக் கிரேயைக் கூப்பிட்டு, இதில் தேசப் பாதுகாப்பு விவகாரம் இருக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும். நிக்சன் ஒப்புக்கொள்கிறார். அன்று பிற்பகலே வால்டர்ஸ் கிரேயைச் சந்தித்தார். மெக்சிகோ வழியாக வந்த பணத்தைப் பற்றிய விசாரணை ஏறக்குறைய இரண்டு வாரம் நின்றது.

அது எப்படி மறுபடி தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். கிரே ஒரு கட்டத்தில், இந்த வேண்டுகோளை எழுத்தில் கொடுங்கள் என்றார். ஜூலை 6 அன்று வால்டர்ஸ் வந்து, அப்படி எழுதித் தர முடியாது, சிஐஏவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்றார். வாய்வார்த்தையாக வந்த தடை, காகிதம் கேட்டவுடன் கரைந்துபோனது. அந்தக் கிரேயே வேறொரு விஷயத்தில் தவறினார்: வெள்ளை மாளிகையில், வாட்டர்கேட் ஊடுருவலைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான ஹோவர்ட் ஹன்ட்டின் பெட்டகத்திலிருந்து எடுத்துத் தன்னிடம் கொடுக்கப்பட்ட ஆவணங்களை அழித்தது வெளிவந்து, 1973 ஏப்ரலில் பதவி விலகினார். விசாரணையைத் தடுக்கும் முயற்சிகள் நடைமுறையில் இப்படித்தான் கீழே இறங்குகின்றன: மேலே ஒரு வாய்வார்த்தை, நடுவில் ஒரு தூதர், கீழே இணங்கவோ மறுக்கவோ வேண்டிய ஓர் அதிகாரி.

பணமும் ஓடியது. பிடிபட்டவர்கள் வாய் திறக்காமலிருக்கக் கொடுக்கப்பட்ட தொகை 4 லட்சம் டாலரைத் தாண்டியது. 1973 மார்ச் 21 அன்று வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீன், இது இன்னும் 10 லட்சம் டாலர் கேட்கும் என்று நிக்சனிடமே எச்சரித்தார். அந்தப் பணத்தைத் திரட்ட முடியும் என்பதே நிக்சனின் பதிலாக இருந்தது. அன்றிரவே ஹன்ட் தரப்புக்கு 75,000 டாலர் போய்ச் சேர்ந்தது.

ஒலிப்பதிவு இருப்பதே வெளியே தெரிந்தது 1973 ஜூலை 16இல், செனட் குழுவின் முன் நிக்சனின் முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு சொன்னபோதுதான். ஒரு வாரத்தில் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் 9 நாடாக்களுக்கு அழைப்பாணை அனுப்பினார். அக்டோபர் 20 சனிக்கிழமை இரவு, காக்ஸை நீக்கும்படி நிக்சன் உத்தரவிட்டார். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். துணை அட்டர்னி ஜெனரல் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாம் நிலையில் இருந்த ராபர்ட் போர்க் கையெழுத்திட்டார். அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று நவம்பரில் நீதிபதி கெசல் தீர்ப்பளித்தார். ஆனால் அதற்குள் புதிய வழக்கறிஞர் லியோன் ஜவார்ஸ்கி வந்துவிட்டார், காக்ஸ் திரும்பவில்லை. சட்டம் தப்பு என்று சொன்ன ஒரு செயல் அப்படியே நிலைத்துவிட்டது. அன்று விசாரணையைக் காப்பாற்றியது மக்கள் கொதிப்பு. நீதிமன்றத் தீர்ப்புக்கு அதில் பங்கில்லை.

நாடாக்களில் ஒன்றில் 18½ நிமிடம் வெறும் இரைச்சல். 1972 ஜூன் 20 அன்று நிக்சனும் ஹால்டெமனும் பேசிய பகுதி அது. தொலைபேசியை எடுக்கும்போது தவறுதலாகப் பதிவு விசையை அழுத்தி, மிதியிலிருந்து காலை எடுக்காமல் இருந்துவிட்டேன் என்று செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ் சொன்னார்; அதிலும் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு மட்டுமே பொறுப்பேற்றார். நீதிமன்றம் நியமித்த நிபுணர் குழு, குறைந்தது 5 தனித்தனி முறை அழிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறிந்தது. கைத்தவறு 5 தடவை நடப்பது நம்பத்தக்கதல்ல. அழித்தவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஜவார்ஸ்கி 1974 ஏப்ரல் 18இல் 64 உரையாடல்களுக்கு அழைப்பாணை பெற்றார். மே 20இல் நீதிபதி ஜான் சிரிக்கா அதை உறுதிசெய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் தாண்டி வழக்கை நேரடியாக எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மே 31இல் சம்மதித்தது. ஜூலை 8இல் வாதம், ஜூலை 24இல் 8-0 என்று தீர்ப்பு. அழைப்பாணையிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை மூன்று மாதத்துக்குச் சற்று மேல். ஜூலை 27இல் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு, விசாரணையைத் தடுத்த குற்றச்சாட்டை 27-11 என்று நிறைவேற்றியது. ஆகஸ்ட் 5இல் ஜூன் 23 உரையாடலின் எழுத்துவடிவம் வெளியானது. ஆகஸ்ட் 9இல் நிக்சன் பதவியில் இல்லை.

வாட்டர்கேட்டை அமெரிக்க ஜனநாயகத்தின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். சரிதான். ஆனால் வெற்றிக்கு என்னென்ன ஒன்றுசேர வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: அதிபரின் குரலிலேயே ஆதாரம், மறுத்த அதிகாரிகள், சொந்தக் கட்சியிலிருந்தே எதிர்த்து வாக்களித்தவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வேகமாக நகர்ந்த நீதிமன்றம். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

அந்தக் கலவர நாள்களுக்கு நடுவே, 1973 செப்டம்பர் 24இல், நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனைப் பிரிவு ஒரு குறிப்பு எழுதியது: பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது. 2000 அக்டோபரில் இன்னொரு குறிப்பு அதையே மறுபடி உறுதிசெய்தது. அரசமைப்பில் அப்படி ஒரு வரியும் கிடையாது. எந்த நீதிமன்றமும் அதை நேரடியாகத் தீர்மானித்ததில்லை. ஆனாலும் அமைச்சகத்தின் வழக்கறிஞர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். குறிப்பின் வாதம், அதிபரைப் பொறுப்பாக்க வேறு இரண்டு கதவுகள் இருக்கின்றன என்பது: பதவிநீக்கக் குற்றச்சாட்டு ஒன்று, பதவி முடிந்த பிறகு வழக்கு இன்னொன்று.

அந்தக் கதவுகளின் உண்மையான நிலை 2017க்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமியை டொனால்டு டிரம்ப் 2017 மே 9இல் நீக்கினார். அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய விசாரணையிலிருந்து ஏற்கனவே ஒதுங்கியிருந்ததால், துணை அட்டர்னி ஜெனரல் ராட் ரோசன்ஸ்டைன் மே 17இல் ராபர்ட் முல்லரைச் சிறப்பு வழக்கறிஞராக நியமித்தார். 1978இல் வந்த தனிச் சட்டம், சுதந்திர வழக்கறிஞரை நீதிபதிகள் குழு நியமிக்கும்படி வைத்திருந்தது. கென்னத் ஸ்டார் கிளின்டனைத் துரத்திய விதம் இரு கட்சிகளுக்கும் கசந்துபோய், 1999இல் அது காலாவதியாக விடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தவை அமைச்சகத்தின் உள்விதிகள் மட்டுமே. அவற்றின்படி சிறப்பு வழக்கறிஞரை அட்டர்னி ஜெனரல் மட்டும்தான் நீக்கலாம், தகுந்த காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இறுதி அறிக்கை அட்டர்னி ஜெனரலுக்கான ரகசிய ஆவணம். அதை வெளியிடலாமா, எந்த அளவுக்கு என்பதெல்லாம் அவர் கையில்.

முல்லர் 2019 மார்ச் 22இல் அறிக்கையைக் கொடுத்தார். இரண்டே நாளில் அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார், தடுத்த குற்றத்துக்கு ஆதாரம் போதாது என்று 4 பக்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டார். தன் பணியின் சாரத்தை அது முழுமையாகக் காட்டவில்லை என்று முல்லர் மார்ச் 27இல் அவருக்கே எழுதினார். 448 பக்க அறிக்கை, சில பகுதிகள் கறுப்படிக்கப்பட்டு, ஏப்ரல் 18இல்தான் வந்தது. இடையில் 25 நாள். கடிதத்தில் படித்ததையே பலர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் வந்த அறிக்கையால் அந்த எண்ணத்தை மாற்ற முடியவில்லை.

முல்லர் அறிக்கையின் இரண்டாம் தொகுதி 10 சம்பவங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன மூன்று அம்சங்களோடு வைத்துப் பார்க்கிறது. அவற்றில் வலுவானது வெள்ளை மாளிகை வழக்கறிஞர் டான் மெக்கானைப் பற்றியது. 2017 ஜூன் 17 சனிக்கிழமை, கேம்ப் டேவிடிலிருந்து டிரம்ப் அவரை வீட்டுக்கு இருமுறை அழைத்து, ரோசன்ஸ்டைனிடம் பேசு, முல்லர் போக வேண்டும் என்றதாக மெக்கான் சாட்சி சொன்னார். அவர் அதைச் செய்யவில்லை. பொருள்களைக் கட்டிக்கொண்டு ராஜினாமா செய்வதற்காக அலுவலகத்துக்குப் போனார். சக அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். 2018 ஜனவரியில் இது செய்தித்தாளில் வந்ததும், அப்படி நடக்கவில்லை என்று எழுதி வைக்கும்படி அவரிடம் கேட்கப்பட்டது. மறுத்தார். பிப்ரவரியில் நேரில் சந்தித்தபோது, ஏன் குறிப்பெடுக்கிறாய், வழக்கறிஞர்கள் குறிப்பெடுப்பதில்லையே என்று டிரம்ப் கேட்டதாகவும் அறிக்கை பதிவுசெய்கிறது. முல்லரை நீக்கச் சொல்லவே இல்லை என்பது டிரம்ப்பின் பதில்.

இதில் இரண்டு செயல்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். முல்லரை நீக்கச் சொன்னதை, அதிகாரிகளை நீக்கும் உரிமை அதிபருக்கு உண்டு என்று வாதாடலாம். வில்லியம் பார் அட்டர்னி ஜெனரல் ஆவதற்கு முன் 2018 ஜூனில் எழுதிய 19 பக்கக் குறிப்பின் சாரமும் அதுவே. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று எழுதித் தரச் சொல்வதற்கு அரசமைப்பில் எந்த அதிகாரமும் இல்லை. என் பார்வையில் அறிக்கையின் மிகக் கனமான பக்கங்கள் இவையே.

முல்லர் குற்றம் சாட்டவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. பதவியில் இருப்பவர் மீது வழக்குப் போட முடியாது என்றால், நீதிமன்றத்தில் பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுவது நியாயமல்ல என்பது அவருடைய தர்க்கம். அதே சமயம், அதிபர் குற்றம் செய்யவில்லை என்று தெளிவாகத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்போம் என்றும் எழுதினார். டிரம்ப்பின் முயற்சிகள் பெரும்பாலும் பலிக்காததற்குக் காரணம், சுற்றியிருந்தவர்கள் உத்தரவை நிறைவேற்ற மறுத்ததே என்றும் பதிவுசெய்தார். 1972 ஜூலையில் எழுதித் தர மறுத்து வால்டர்ஸ் செய்ததையே 2017இல் மெக்கானும் செய்தார்.

முதல் கதவு நாடாளுமன்றம். நீதிக் குழு மெக்கானுக்கு 2019 ஏப்ரல் 22இல் அழைப்பாணை அனுப்பியது. வரக் கூடாது என்று வெள்ளை மாளிகை சொன்னது. குழு வழக்குப் போட்டது. மேல்முறையீட்டில் ஒரு முறை தோற்றது, முழு அமர்வில் ஒரு முறை வென்றது, மறுபடி தடைபட்டது. கடைசியில் உடன்பாடு ஏற்பட்டு அவர் மூடிய அறையில் பதில் சொன்னது 2021 ஜூன் 4இல். டிரம்ப் அப்போது அதிபராகவே இல்லை. நிக்சனின் நாடாக்களுக்கு மூன்று மாதம், மெக்கானின் வாக்குமூலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல். ஆதாரம் அழியவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. காலம் மட்டும் போய்விட்டது.

நாடாளுமன்றத்தின் ஆணையை மீறினால் அவமதிப்புக் குற்றம் சாட்டலாமே என்று கேட்கலாம். சாட்டலாம். அந்த வழக்கை நடத்த வேண்டியதோ அதே நீதி அமைச்சகம். தன் ஆலோசனைகளை ரகசியமாக வைத்துக்கொள்ளும் சிறப்புரிமையைச் சொல்லி அதிபர் தடுத்த விஷயங்களில் அமைச்சகம் வழக்குப் போடுவதில்லை. 2012இல் ஒபாமாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை அவமதிப்புக்கு உள்ளாக்கியபோதும் அப்படித்தான், 2019இல் வில்லியம் பாரை உள்ளாக்கியபோதும் அப்படித்தான். டிரம்ப்பின் முன்னாள் உதவியாளர்களான ஸ்டீவ் பேனனும் பீட்டர் நவாரோவும் இதே அவமதிப்புக் குற்றத்துக்காக ஆளுக்கு 4 மாதம் சிறை சென்றார்கள் என்றால், அப்போதைய அதிபர் அவர்களுக்காகச் சிறப்புரிமை கோரவில்லை என்பது முக்கியக் காரணம். பதவிநீக்க வாக்கெடுப்போ கட்சிக் கணக்கு. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கிளின்டன் மீதான தடுப்புக் குற்றச்சாட்டு 1999இல் 50-50 என்று தோற்றது. 2020இல் டிரம்ப் மீது வந்த, நாடாளுமன்றத்தைத் தடுத்த குற்றச்சாட்டுக்கு ஆதரவு 47, எதிர்ப்பு 53.

இரண்டாவது கதவான பதவிக்குப் பிந்தைய வழக்கு, இரண்டு பக்கத்திலிருந்தும் குறுகிவிட்டது. ஒன்று நேரம். 2020 தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக டிரம்ப் மீது சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் 2023 ஆகஸ்ட் 1இல் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையிலும் அரசு நடவடிக்கையைத் தடுத்தது ஒரு குற்றச்சாட்டு. விசாரணை 2024 மார்ச் 4இல் தொடங்க வேண்டியது. அதிபருக்குக் குற்ற வழக்கிலிருந்து விலக்கு உண்டா என்ற கேள்வியை 1974இல் செய்ததுபோல் நேரடியாக எடுத்துக்கொள்ளும்படி ஸ்மித் 2023 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். டிசம்பர் 22இல் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு சுற்றி வந்து, தீர்ப்பு 2024 ஜூலை 1இல் கிடைத்தது. நவம்பரில் டிரம்ப் தேர்தலில் வென்றார். நவம்பர் 25இல் வழக்கு கைவிடப்பட்டது. காரணம், 1973இல் எழுதப்பட்ட அதே நிலைப்பாடு.

மற்றது அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம். 6-3 என்ற பெரும்பான்மை, அதிபரின் மைய அதிகாரங்களுக்கு முழு விலக்கும், மற்ற அலுவல் செயல்களுக்குக் குறைந்தபட்சம் அனுமான விலக்கும் (அரசுத் தரப்பு முறியடிக்காதவரை இருப்பதாகக் கொள்ளப்படும் விலக்கு) உண்டு என்றது. தனிப்பட்ட செயல்களுக்கு இல்லை. ஒவ்வொரு அதிபரும் முந்தையவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் வந்துவிடக் கூடாது, பயத்தோடு யாரும் முடிவெடுக்க முடியாது என்பது பெரும்பான்மையின் கவலை. அந்தக் கவலையைப் புறந்தள்ள முடியாது. ஆனால் தீர்ப்பு இன்னும் இரண்டு செய்தது. அலுவல் செயலையும் அல்லாததையும் பிரிக்கும்போது அதிபரின் நோக்கத்தை நீதிமன்றம் ஆராயக் கூடாது என்றது. விலக்குள்ள செயல்களை வேறு குற்றத்துக்கு ஆதாரமாகக்கூடக் காட்டக் கூடாது என்றது. இந்தக் கடைசிப் பகுதியில் மட்டும், பெரும்பான்மையில் இருந்த நீதிபதி ஏமி கோனி பாரெட் சேரவில்லை. நீதி அமைச்சகத்தோடு அதிபர் பேசுவது முழு விலக்குக்குள் வந்துவிட்டது.

விசாரணையைத் தடுக்கும் குற்றத்துக்கு உயிரே நோக்கம்தான். அதைக் கேட்கக் கூடாது என்றால் மிஞ்சுவது வெளித்தோற்றத்தில் சட்டப்படியான ஒரு உத்தரவு. 1972 ஜூன் 23 உரையாடலை இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். தலைமை உதவியாளர் வழியாக சிஐஏவுக்கும் எஃப்பிஐக்கும் வழிகாட்டும் அதிபர் தெரிகிறார். நாடாவைக் கைப்பற்ற இன்றும் முடியும், 1974 தீர்ப்பு செல்லும். அதை அந்த அதிபருக்கு எதிராக நீதிமன்றத்தில் ஒலிக்கவிட முடியுமா என்பது சந்தேகம். மெக்கான் விவகாரத்திலும் நீக்க உத்தரவு விலக்குக்குள் போய்விடக்கூடும்; பொய்ப் பதிவு கேட்டது மட்டுமே வாதத்துக்கு இடமுள்ளதாக நிற்கும்.

எல்லாம் அடைபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பதவியில் இல்லாதபோது செய்தவற்றுக்கு விலக்குக் கோருவது கடினம். பதவி முடிந்த பின் டிரம்ப் தன் புளோரிடா வீட்டில் வைத்திருந்த ரகசிய ஆவணங்கள் பற்றிய வழக்கு அப்படிப்பட்டது. 2022 மே மாதம் அழைப்பாணை, ஜூன் 3இல் 38 ஆவணங்களோடு முழுமையாகத் தேடிவிட்டோம் என்ற உறுதிச் சான்று, ஆகஸ்ட் 8 சோதனையில் மேலும் நூற்றுக்கும் மேற்பட்ட ரகசிய ஆவணங்கள். ஆவணங்களை மறைத்ததும், கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்க முயன்றதும் குற்றச்சாட்டுகளாக வந்தன. டிரம்ப் எல்லாவற்றையும் மறுத்தார். நோக்கம், செயல், தொடர்பு மூன்றையும் நீதிமன்றம் சோதித்துப் பார்க்க ஏற்ற வழக்கு அது. சாட்சி விசாரணை வரை போகவேயில்லை; ஸ்மித்தின் நியமனமே செல்லாது என்று நீதிபதி ஐலீன் கேனன் 2024 ஜூலை 15இல் தள்ளுபடி செய்தார்.

இனி என்ன மாற்றலாம்? விலக்குத் தீர்ப்பை மாற்ற அரசமைப்புத் திருத்தமோ வேறொரு உச்ச நீதிமன்றமோ வேண்டும். அது நெடுந்தூரம். சாதாரணச் சட்டத்தாலேயே சரிசெய்யக்கூடிய ஓட்டைகள் இருக்கின்றன, முதலில் அவற்றுக்குத்தான் போராட வேண்டும். கூட்டாட்சிக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு 5 ஆண்டு. இரண்டு முறை வெல்லும் அதிபர் இருப்பது 8 ஆண்டு. முதல் ஆண்டில் விசாரணையைத் தடுத்த ஒருவர், பதவியில் நீடித்தே காலவரம்பைக் கடந்துவிட முடியும். பதவிக் காலம் முழுவதும் அந்தக் கடிகாரத்தை நிறுத்திவைக்கவும், நாடாளுமன்ற அழைப்பாணை வழக்குகளை நீதிமன்றங்கள் விரைந்து முடிக்கவும் வகைசெய்த மசோதா 2021 டிசம்பர் 9இல் பிரதிநிதிகள் சபையில் 220-208 என்று நிறைவேறியது. செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அந்த நாடாளுமன்றத்தின் காலம் 2023 ஜனவரி 3இல் முடிந்தபோது மசோதாவும் முடிந்தது. 5 ஆண்டு வரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.